பைத்தான் 3.8-ஐ விடும் நாள்: அக்டோபரா, ஆனியா?

மொரீஷியஸில் ஏழு கோவில்களிலும் இரண்டு மாலைநேரத் தமிழ்ப் பள்ளிகளிலும் ஓடும் ஒரு சின்ன மென்பொருளை நாங்கள் மூன்று பேர் சம்பளம் வாங்காமல் பார்த்துக்கொள்கிறோம். அர்ச்சனை ரசீது அடிப்பது, இந்தத் தீவின் நேரத்துக்குப் பஞ்சாங்கம் கணிப்பது, தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர்களின் பட்டியலை வைத்திருப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. மூவரில் நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எபேனுக்கு வேலைக்கு வந்தவன். இன்னொருவர் ரோஸ் ஹில்லில் பிறந்து வளர்ந்த தம்பி. வீட்டில் கிரியோல் பேசுபவர், தமிழைப் பள்ளியில் படித்துக்கொண்டார். மூன்றாமவர் காத்ர் போர்னில் தமிழ் சொல்லித்தரும் அக்கா. நிரல் எழுதுவது நாங்கள் இருவர். அது சரியாக இருக்கிறதா என்று கண்டுபிடிப்பவர் அக்கா.

இந்த மென்பொருள் பைத்தான் என்ற நிரல்மொழியின் 3.8-ஆம் பதிப்பிலும் அதற்கு மேலும் ஓடும்படி எழுதப்பட்டது. இப்போது 3.8-ஐக் கைவிட வேண்டும். எப்படி, எந்தத் தேதியில் என்பதில் நான்கு வழிகளை வைத்து இரண்டு மாதம் பேசினோம். இதே இடத்தில் நிற்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்பதால் அந்தக் கணக்கை எழுதிவைக்கிறேன்.

பைத்தான் பக்கத்து நிலவரம் சிக்கலானது இல்லை. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆயுள். 3.8 வந்தது 2019 அக்டோபரில், ஆதரவு முடிந்தது 2024 அக்டோபரில். 3.9-உம் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. 3.10-க்கு 2026 அக்டோபர் வரை நேரம் இருக்கிறது. ஆதரவு முடிந்தது என்றால் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால்கூட அந்தப் பதிப்புக்கு இனிமேல் திருத்தம் வராது. நிரல் அடுத்த நாள் காலையில் நின்றுபோகாது. நிற்காது என்பதால்தான் தள்ளிப்போடவும் முடிகிறது.

நாங்கள் தள்ளிப்போட்டதற்கு ஒரே காரணம் விண்டோஸ் 7. அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8தான். 3.9-இலிருந்து விண்டோஸ் 8.1 ஆவது வேண்டும். எங்கள் ஒன்பது இடங்களில் மூன்றில் இன்றும் விண்டோஸ் 7 கணினிதான். மைக்ரோசாஃப்ட் அதை 2020 ஜனவரி 14-ஆம் தேதியே விட்டுவிட்டது. குரோம் 109-ஆம் பதிப்போடும், ஃபயர்ஃபாக்ஸ் 115-ஆம் பதிப்போடும் நின்றுவிட்டன. அந்தக் கணினிகளைப் பிடிவாதத்தால் யாரும் வைத்திருக்கவில்லை. யாரோ ஒரு பக்தர் கொடுத்தது, இன்னும் ஓடுகிறது, ரசீது அடிக்கும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதோடு ஒத்துப்போகிறது. உண்டியல் பணத்தில் புதுக் கணினி வாங்குவதா, மடப்பள்ளிக் கூரையைச் சரிசெய்வதா என்ற கேள்வி வந்தால் கூரைதான் ஜெயிக்கும். ஜெயிக்கவும் வேண்டும்.

போன அக்டோபரில் நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். புரட்டாசிச் சனிக்கிழமை. இங்கே அந்த மாதம் முழுக்கக் கோவிந்தன் விரதம். வாழையிலையில் ஏழு கறி பரிமாறக் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். ஏழரை மணிக்குக் கோவில் செயலாளர் ஐயா அழைத்தார். “தம்பி, ஓர்தினாத்தேர்-லா பா பே மார்ஸே” என்றார். கணினி வேலை செய்யவில்லை என்று அர்த்தம். திரையில் கடைசி வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படித்தார்: “டைப் எர்ரர்... டைப்... ஆப்ஜெக்ட்... இஸ் நாட் சப்ஸ்கிரிப்டபிள்.” கேட்டதுமே எனக்கு வயிறு கலங்கியது. முந்தைய வியாழன் இரவு நான் வெளியிட்ட பதிப்பில், ஒரு செயல்கூற்றின் வகைக் குறிப்பை (அது எந்த வகைத் தரவைக் கையாளும் என்று சொல்வது) புதிய பாணியில் சுருக்கி எழுதியிருந்தேன். எழுத்துப் பட்டியல் என்று சொல்ல முன்பெல்லாம் தனியாக ஒரு தொகுதியை அழைக்க வேண்டும். 3.9-இலிருந்து ‘லிஸ்ட்’ என்ற சொல்லுக்கு அருகிலேயே சதுர அடைப்பில் எழுதிவிடலாம். 3.8 அந்த எழுத்தைப் பார்த்ததும் மேலே போக மறுத்துவிடும். என் கணினியில் 3.12. எல்லாம் ஓடியது. கணினி திறக்கும்போது புதுப் பதிப்பு இருந்தால் தானே எடுத்துக்கொள்ளும்படி அந்த மூன்று இடங்களிலும் அமைத்துக் கொடுத்ததும் நான்தான்.

அன்று மாலைவரை கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகத்தில் கையால் எழுதினார்கள். ஐயா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. தப்பான பதிப்பைத் திரும்பப் பெற்றேன். திங்கட்கிழமை மூவரும் உட்கார்ந்தோம்.

முதல் வழி, எதையும் நிறுத்தாமல் 3.8-ஐத் தொடர்ந்து தாங்குவது. அக்காவின் மனது இதில்தான் இருந்தது, “யாரையும் விட்டுட்டுப் போகக் கூடாது” என்று. அன்று எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. ஆனால் விலை போட்டுப் பார்த்தோம். ரசீதில் தமிழ்ப் பெயரைப் படமாக வரைய பில்லோ என்ற நூலகத்தை, அதாவது பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரலை, பயன்படுத்துகிறோம். அதன் 11-ஆம் பதிப்பு, 2024 அக்டோபரில், 3.8-ஐ விட்டுவிட்டது. சந்திரன் நிலையைக் கணிக்க உதவும் நம்பை, 2023-இல் வந்த 1.25-லேயே விட்டது. பொதிகளை நிறுவித்தரும் பிப் கருவியும் 2025-இல் வந்த 25.1-இலிருந்து 3.8-இல் ஓடாது. அப்படியானால் நாங்கள் 3.8-ஐத் தாங்குகிறோம் என்று சொன்னாலும், உண்மையில் பழைய பில்லோ, பழைய நம்பை, பழைய பிப் எல்லாவற்றையும் சேர்த்துத் தாங்குகிறோம். அவற்றில் ஓட்டை வந்தால் அடைக்க எங்களால் முடியாது. அந்தக் கணினிகளில் பக்தர்களின் பெயர், தொலைபேசி எண், பிறந்த தேதி, நட்சத்திரம் எல்லாம் இருக்கின்றன. மொரீஷியஸின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2018 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்பிக் கொடுத்த ஒருவரின் வீட்டு விவரத்தை ஓட்டைப் பெட்டியில் வைப்பது தப்பு. இந்த இடத்தில் அக்காவும் மனம் மாறினார்.

இரண்டாவது வழி, அடுத்த வெளியீட்டிலேயே 3.8-ஐயும் 3.9-ஐயும் சேர்த்து வெட்டிவிடுவது. பெரிய நூலகங்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கின்றன. அறிவியல் பைத்தான் நூலகங்கள் பல, ஒரு பதிப்பு வெளியாகி மூன்று ஆண்டு ஆனதும் அதை விடுவது என்று பொதுவாகவே ஒப்புக்கொண்டுள்ளன. கோ மொழி 2023-இல் 1.21 வெளியீட்டோடு விண்டோஸ் 7-ஐ விட்டுவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். உலகம் முழுக்கப் பயனர்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய பராமரிப்பாளர்கள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து சொல்ல முடியாது.

வெட்டினால் எங்களுக்குக் கிடைக்கும் லாபம் சின்னது இல்லை. அதை ஓர் உதாரணத்தோடு சொல்ல வேண்டும், ஏனென்றால் “புதுப் பதிப்பில் வசதி அதிகம்” என்று பொதுவாகச் சொன்னால் கோவில் கமிட்டியில் யாருக்கும் எதுவும் புரியாது.

குழந்தை பிறந்த நேரத்தைக் கொடுத்தால் எங்கள் மென்பொருள் நட்சத்திரமும் பாதமும் சொல்லும். பாதத்தை வைத்துத்தான் பெயரின் முதல் எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் ஏறக்குறைய ஒரு நாள் இருக்கும், ஒரு பாதத்தில் சுமார் ஆறு மணி நேரம். எல்லையில் பிறந்த குழந்தைக்குப் பத்து நிமிடம் மாறினால் எழுத்தே மாறிவிடும். நேர மண்டலத்துக்கு நாங்கள் ஆரம்பத்திலிருந்து பைடிஇசட் என்ற பொதியைப் பயன்படுத்தினோம். நல்ல பொதிதான். ஆனால் அதில் ஒரு பழைய குழி உண்டு. மொரீஷியஸ் மண்டலத்தை எடுத்து நேரடியாக ஒரு தேதியில் ஒட்டினால், அது இன்றைய நேரத்தைக் கொடுக்காது. கடிகாரங்களை ஒருமுகப்படுத்துவதற்கு முன்பு, சூரியனை வைத்துக் கணித்த போர்ட் லூயிஸ் உள்ளூர் நேரத்தைக் கொடுக்கும். அதாவது கிரீன்விச்சுக்கு முன்னே 4 மணி நேரம் என்பதற்குப் பதிலாக 3 மணி 50 நிமிடம். காலை 10.55-க்குப் பிறந்த குழந்தை 11.05-க்குப் பிறந்ததாகக் கணக்காகிவிடும். இதைத் தவிர்க்கத் தனியாக ஒரு முறையை அழைக்க வேண்டும். ஓரிடத்தில் தம்பி அதை மறந்துவிட்டார், அக்கா தன் அண்ணன் மகளின் ஜாதகத்தை வைத்துப் பார்த்தபோது மாட்டியது. நல்லவேளை, அது வெளியே போகவில்லை.

3.9-இலிருந்து பைத்தானுக்குள்ளேயே ஜோன்இன்ஃபோ என்ற தொகுதி வந்துவிட்டது. அதில் மண்டலத்தை நேராக ஒட்டினாலே சரியான நேரம் வரும். விண்டோஸில் மட்டும் மண்டலத் தரவுக்கு ஒரு சின்னப் பொதியைக் கூடச் சேர்க்க வேண்டும். இந்தத் தீவில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. 2008 அக்டோபர் கடைசியிலிருந்து 2009 மார்ச் கடைசி வரை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்துப் பார்த்தார்கள், அப்புறம் கைவிட்டுவிட்டார்கள். அந்தக் கோடையில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது பதினேழு வயது. பிறப்புச் சான்றிதழில் காலை 10 மணி என்றிருந்தால் வழக்கமான நேரப்படி அது 9 மணி. இதை நினைவில் வைத்துக்கொண்டு கையால் கழிப்பவர்கள் குறைவு. பைடிஇசட், ஜோன்இன்ஃபோ இரண்டுக்குமே அது தெரியும், ஆனால் முன்னதில் எங்களைப் போன்றவர்கள் தவறாக அழைத்துக் கெடுத்துவிட வாய்ப்பு அதிகம். 3.8-க்கும் ஜோன்இன்ஃபோவைப் பின்னுக்குக் கொண்டுவந்த தனிப் பொதி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் பதிப்பைப் பார்த்து இதை எடு, இல்லாவிட்டால் அதை எடு என்று நிரல் இரண்டாகப் பிரியும். பிரிந்த இடத்தில்தான் பிழை ஒளிந்துகொள்கிறது.

பழையதை விடுவதில் தமிழர்களுக்குப் பெரிய நன்மை வந்த ஒரு முறை ஏற்கெனவே நடந்திருக்கிறது. பைத்தான் 2-இல் ‘அம்மா’ என்று ஒரு சரத்தை (எழுத்துத் தொடரை) எழுதி நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும், எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணுவதால். பைத்தான் 3 அதையே 5 என்று சொல்லும். அ, ம, புள்ளி, ம, கால். தமிழ் இலக்கணப்படி மூன்று எழுத்துதான், அதற்கு இன்னும் கொஞ்சம் நிரல் எழுத வேண்டும். ஆனாலும் 15-இலிருந்து 5-க்கு வந்ததே தமிழில் நிரல் எழுதுகிறவர்களுக்குப் பெரிய விடுதலை. அந்த மாற்றத்துக்குப் பதினோரு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். 3.0 வந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கு முதலில் 2015-இல் முடிவு என்றார்கள், பிறகு 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். கடைசி வெளியீடான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. நீட்டியதால் பலர் பிழைத்தார்கள், இன்னும் நேரம் இருக்கிறது என்று பலர் தூங்கியும் விட்டார்கள். தேதியே சொல்லாமல் காத்திருப்பதும், யாருக்கும் சொல்லாமல் வெட்டுவதும் இரண்டுமே ஆகாது என்று எனக்குத் தோன்றியது அந்தக் கதையை நினைத்தபோதுதான்.

உடனே வெட்டக் கூடாது என்பதற்கு என் காரணம் புரட்டாசிச் சனிக்கிழமைதான். நான் செய்தது அறிவிக்காமல் வெட்டியதற்குச் சமம். ஏழரை மணிக்கு வரிசையில் நின்ற பாட்டிமார்களுக்கு 3.9 என்றால் என்ன?

மூன்றாவது வழி, உறையவைப்பது. இப்போதுள்ள தொடரை 3.8-க்கான கடைசித் தொடராக அறிவித்து, அதில் புதிதாக எதையும் சேர்க்காமல், ரசீதோ நட்சத்திரமோ தப்பாக வரும் அளவுக்கான பிழையை மட்டும் குறிப்பிட்ட தேதி வரை திருத்துவது. புது வேலை நடக்கும் முக்கியக் கிளை, அதாவது நிரலின் இன்னொரு பிரதி, 3.10-க்கும் மேலும் போய்விடும். இதில் நான் முன்பு கவனிக்காமல் விட்ட ஒரு சின்ன விஷயம்தான் உயிர்நாடி. பொதியின் விவரக் கோப்பில், இது எந்தப் பைத்தானுக்கு மேல் ஓடும் என்று ஒரு வரி எழுதலாம். 2016-இல் வந்த பிப் 9-இலிருந்து, நிறுவும்போது அந்த வரியைப் பார்த்து, கணினியில் உள்ள பைத்தானுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பையே எடுத்துக்கொடுக்கும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த 3.8 கணினி என் வியாழக்கிழமைப் பதிப்பைத் தொட்டிருக்காது. பழையதிலேயே நின்று ரசீது அடித்திருக்கும். நிறுத்தலைப் பற்றி யோசிக்கும் யாரும் முதலில் இந்த வரியைச் சரிபாருங்கள். மற்ற எல்லாம் அதற்கப்புறம்தான்.

இந்த வழியின் செலவு, ஒரு பிழையை இரண்டு கிளையில் திருத்துவது. தேதிக்கு உட்பட்டு என்றால் மூன்று பேரால் தாங்க முடியும்.

நான்காவது, நிரலை விட்டுவிட்டுக் கணினியை மாற்றுவது. எல்லாவற்றையும் இணையத்துக்குக் கொண்டுபோய்விடலாம், கோவிலில் உலாவி மட்டும் போதும் என்று தம்பி சொன்னார். இங்கே ஃபைபர் இணைப்பு நன்றாகவே பரவியிருக்கிறது. ஆனால் தைப்பூசம் ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது, புயல் பருவமும் அதேதான். 2024 ஜனவரியில் பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை மறக்க முடியாது. கொடியேற்றத்திலிருந்து காவடி வரை பத்து நாளில் ஒரு நாள் லைன் போனாலும் பட்டியல் கைக்கு வராது. பட்டியல் அந்தக் கணினியிலேயே இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அதோடு, விண்டோஸ் 7-இல் உலாவியும் பழசுதானே.

புதுக் கணினி வாங்குவது ஒரு பள்ளிக்கு முடிந்தது, பெற்றோர் சேர்ந்து கொடுத்துவிட்டார்கள். மீதி இரண்டு கோவில்களுக்கு அதே கணினியில் லினக்ஸ் போடலாம். அவற்றில் ஒன்று பழைய 32-பிட் வகைக் கணினி. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 13-ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது, அதில் 32-பிட் கணினியில் நிறுவ வழி எடுக்கப்பட்டுவிட்டது. டெபியன் 12 இன்னும் ஏற்கும், அதனுடன் பைத்தான் 3.11 வரும், 2028 ஜூன் வரை நீண்டகால ஆதரவும் உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் மூச்சுவிடலாம், அதற்குள் அந்தக் கணினிக்கே வயதாகிவிடும். செயலாளர்களுக்குப் புதுத் திரை பழக ஒரு மாதம் ஆகும். ஆனால் அவர்கள் திறப்பது எங்கள் மென்பொருளை மட்டும்தான் என்பதால் அது பெரிய தடையாக இருக்காது.

மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்து எடுத்தோம். உறையவைப்பதை மட்டும் செய்தால் அந்த மூன்று இடமும் நாங்கள் கைகழுவிய இடமாகிவிடும். கணினியை மாற்றுவதை மட்டும் நம்பினால், பிரிண்டர் ஒத்துழைக்காத ஒரு கோவிலுக்காக மற்ற எட்டும் காத்திருக்கும்.

தேதிக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. பைத்தானின் நாள்காட்டி அக்டோபரில் சுழல்கிறது, தம்பி 2026 அக்டோபரைச் சொன்னார், 3.10 முடியும்போது சேர்த்தே செய்துவிடலாம் என்று. அக்கா சுவரில் மாட்டியிருந்த கோவில் நாள்காட்டியைக் கழற்றிவந்து மேசையில் விரித்தார். அக்டோபர் பாதிவரை புரட்டாசி, அது முடிந்தால் தீபாவளி வேலை. டிசம்பரிலிருந்து தீமிதி, ஜனவரியில் காவடி. சித்திரையில் வருடப் பிறப்பு. ஜூலை 17 வாக்கில் ஆடி பிறந்துவிட்டால் அம்மன் கோவில்களில் மூச்சுவிட நேரமிருக்காது. மீதியிருப்பது வைகாசியும் ஆனியும். இந்த நாட்டில் நிதியாண்டு ஜூன் 30-இல் முடிகிறது, கோவில்களும் அன்றோடு கணக்கை மூடுகின்றன. மூடிய கணக்கைப் பத்திரமாக எடுத்துவைத்துவிட்டு, ஜூலை 1 முதல் புது ரசீது எண்ணோடு புதுப் பதிப்பில் தொடங்கலாம். ஏதாவது தப்பினால் ஆடிக்கு முன் சரிசெய்ய இரண்டு வாரம் இருக்கிறது.

ஆக 2026 ஜூன் 30. இந்தத் தைப்பூசம் பிப்ரவரி 1-இல் முடிந்த மறுவாரமே ஒன்பது இடத்துக்கும் கடிதம் போய்விட்டது, தமிழிலும் பிரெஞ்சிலும். அதில் பைத்தான் என்ற சொல்லே கிடையாது. “ஜூன் 30 வரை இப்போதுள்ளது ஓடும், பழுது வந்தால் நாங்கள் வருவோம். அதற்குப் பின்னும் நிற்காது, ஆனால் பழுது வந்தால் எங்களால் திருத்தித் தர முடியாது. அதற்கு முன்பே உங்கள் கணினியை மாற்றித் தர நாங்களே வருகிறோம்” என்று அக்கா எழுதிக்கொடுத்தார். செயலாளர் ஐயா படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “பிரிண்டர் என்னாகும்?”

அதற்காகப் போன சனிக்கிழமை தம்பியும் நானும் ஒரு பென்டிரைவில் டெபியன் 12-ஐ எடுத்துக்கொண்டு போனோம். வன்தட்டைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தோம். பிரிண்டரைக் கண்டுகொண்டது, எண்ணும் கோடும் சரியாக விழுந்தன. தமிழ்ப் பெயர் மட்டும் தாளின் வலது ஓரத்தைத் தாண்டி ஓடியது. படத்தின் அகலத்தை 8 அங்குலத்துக்குக் குறைத்து மறுபடி அடித்தோம். அப்போது பெயர் தாளுக்குள் வந்துவிட்டது, ஆனால் அர்ச்சனைத் தொகை அடுத்த வரிக்கு இறங்கிவிட்டது. அந்த ஒன்றைச் சரிசெய்ய வரும் சனிக்கிழமை மறுபடி போகிறோம்.